நூல் நம்பர் மறந்ததா, காதில் விழவில்லையா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து 61 வயது விசைத்தறி உரிமையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

19 வயதில் தறிக்கு வந்தவர். இன்று எட்டுத் தறி, வேலைக்கு மூன்று பேர். வீட்டில் சௌராஷ்டிரம், பட்டறையில் தமிழ், நூல் வாங்கும் இடத்தில் தெலுங்கு என மூன்று மொழி பேசுகிறார். 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்தை, "150, 155 இருக்கும், வயசுக்கு அது சரிதானுங்களே" என்று அப்படியே விட்டுவிட்டார். தூக்கம் பிடிக்காததால் ஒன்றரை வருடமாக ராத்திரியில் அல்பிரசோலம் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல், தெரிந்த மருந்துக் கடையில் வாங்குவது. அவருடைய அம்மாவுக்கு 74 வயதில் மறதி நோய் வந்தது. கடைசி இரண்டு வருடம் மகனையே அடையாளம் தெரியாமல் இருந்து போய்ச் சேர்ந்தார். கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அந்த இரண்டு வருடம் தெரிகிறது.

இந்த வருடம் நடந்த மூன்று சம்பவங்களை எழுதியிருக்கிறார். நூல் வியாபாரி போனில் சொன்ன நம்பரை (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) தப்பாக வாங்கிக்கொண்டு வேறு நூலுக்குப் பணம் கட்டிவிட்டார். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் போகும் நூல், ஓட்டிய பிறகுதான் தெரிந்தது. சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளையை அறிமுகம் செய்தார்கள். பந்திக்குப் போவதற்குள் பெயர் போய்விட்டது. மூன்றாவது, ஏற்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கக் காலையிலேயே பைக்கில் மலையேறியவர், ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே வண்டியை நிறுத்திவிட்டு எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் நின்றிருக்கிறார். "கை லேசா நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. காலையில மாத்திரையைப் போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடாம கிளம்பிட்டேன். கடையில ஜூஸ் வாங்கிக் குடிச்சு பத்து நிமிசம் உக்காந்தப்புறம் எல்லாம் ஞாபகம் வந்துச்சு."

அவருடைய கேள்விகள் இவை. அம்மாவுக்கு வந்தது எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? மூளையில் பத்து சதவீதத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோமாமே, மீதியை எழுப்ப மகன் போனில் போட்டுக் கொடுத்த மூளை விளையாட்டு உதவுமா? மச்சான் வாங்கித் தந்த ஞாபகசக்தி மாத்திரையைச் சாப்பிடலாமா? "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்கிறான் மகன். தறியை ஒப்படைத்துவிட்டு ஏற்காட்டில் அமைதியாக இருந்தால் மூளைக்கு நல்லதா? நினைவு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பயம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை, அந்த மூன்று சம்பவங்களுக்கும் மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கலாம் என்று பட்டது. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்று. நடந்ததை நாள், இடம், அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்பது வரை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறதி நோயில் பெரும்பாலும் வீட்டார்தான் கவலையோடு அழைத்து வருவார்கள். நோயாளி "எனக்கு ஒண்ணுமில்லையே" என்பார். உங்கள் அம்மா விஷயத்தில் அப்படித்தான் இருந்தது என்று நீங்களே ஓரிடத்தில் எழுதுகிறீர்கள். இதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நல்ல அறிகுறி.

நினைவு என்பது ஒரே வேலை இல்லை. விஷயம் உள்ளே போக வேண்டும், அங்கே தங்க வேண்டும், கேட்டபோது வெளியே வர வேண்டும். உங்களுக்குத் தறி பாஷையில் சொன்னால் எளிது: பாவிலேயே இழை விட்டுப்போயிருந்தால் துணியில் குறை வரத்தான் செய்யும், அதற்கு நெசவாளியைக் குற்றம் சொல்ல முடியாது. மறதி நோய், முக்கியமாக அல்சைமர், பெரும்பாலும் தங்கவைக்கும் இடத்தை முதலில் தாக்கும். ஹிப்போகேம்பஸ் என்று சொல்கிற, காதுக்கு உள்பக்கமாக இரண்டு புறமும் இருக்கும் சிறு பகுதி அது. உங்கள் மூன்று சம்பவங்களில் இரண்டில் விஷயம் சரியாக உள்ளே போனதா என்பதே எனக்குச் சந்தேகம். மூன்றாவது அதைவிட அவசரமானது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒண்டிக்கடையில் நடந்தது

ஏற்காட்டுக் குளிரில், காலை நேரத்தில், ஒருவருக்கு ஏன் வேர்த்துக் கொட்ட வேண்டும்? கை ஏன் நடுங்க வேண்டும்? இனிப்பான ஜூஸ் குடித்துப் பத்து நிமிடத்தில் ஏன் எல்லாம் தெளிய வேண்டும்? கிளிமிபிரைடு, வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலையேறினால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி முக்கியமாகக் குளுக்கோஸிலிருந்துதான் வருகிறது, பெரிய சேமிப்பும் அதனிடம் கிடையாது. சர்க்கரை இறங்கினால் முதலில் குழம்புவது அதுதான்.

நீங்கள் இதை மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதற்கு ஐந்து நிமிடம் முன்புதான் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டி வந்திருக்கிறீர்கள். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் இந்த வாரமே இதைச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை, மாத்திரை போட்டால் சாப்பிடாமல் வாசல் தாண்ட வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். சர்க்கரை அடிக்கடி இப்படித் தாழ்ந்து போவதும் காலப்போக்கில் நினைவுக்குக் கேடு.

முதலில் காது

இப்போது நூல் நம்பர். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது ஒரு வரி வருகிறது: "இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசுறாங்க." அடுத்த பக்கத்தில், டி.வி. சத்தத்துக்காக வீட்டில் சண்டை என்கிறீர்கள். 42 வருடம் தறிச் சத்தத்தில் நின்றவர் இந்த இரண்டையும் எழுதினால், நினைவைச் சோதிப்பதற்கு முன் நான் காதைத்தான் சோதிப்பேன்.

கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடத்தின் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு அதுதான் காது தாங்கக்கூடிய எல்லை. எட்டுத் தறி ஓடும் கூடத்தில் குரல் உயர்த்தினால் போதுமா, கத்தத்தானே வேண்டும்? உள்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றிய கூர்மையான ஒலிகள். உயிர் ஒலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வில் இருப்பதால் கேட்கும், மெய்யொலிகள் தேய்ந்துபோகும். பட்டு, கட்டு, தட்டு என்று சொல்லிப் பாருங்கள். மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதலில் வரும் ஒரு சின்ன மெய்யொலி. அது தேய்ந்தால் மூன்றும் "அட்டு"தான். "அறுபது", "எழுபது", "எண்பது" போனில் வந்தால், அதுவும் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தால், என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சத்தம் கேட்கிறது, ஆனால் சொல் பிடிபடுவதில்லை. அதனால்தான் "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று இந்தக் குறை உள்ள பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள்.

பாதி கேட்ட சொல்லை மூளை ஊகித்து நிரப்புகிறது. அந்த ஊகத்துக்கே அதன் கவனம் செலவாகிவிடுவதால், கேட்டதைப் பதிய வைக்க மிச்சம் இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் நடந்தது இதுவாக இருக்கலாம்: நாதஸ்வரம், மைக், நூறு பேர் பேச்சு, நடுவில் ஒரு புதுப் பெயர். பெயர்கள் எல்லோருக்கும் கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அவர் வாத்தியார்" என்றால் பள்ளிக்கூடம், சாக்பீஸ், பிரம்பு என்று பத்து விஷயம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். "அவர் பெயர் குமார்" என்றால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த முறை, பெயரைத் திருப்பிக் கேளுங்கள். அதே பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: "குமாருக்கு எந்த ஊருங்க?" பத்து நிமிடம் கழித்து மனசுக்குள் ஒரு முறை அந்தப் பெயரை எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுப்பதுதான் பதிய வைக்கும். இது நூறு வருடத்துக்கு மேலாகச் சோதித்துப் பார்த்த உண்மை.

நான் இதை வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், தறிக்காரர் ஒருவரை அவர் மகள் அழைத்து வந்தாள். "சொன்னதையெல்லாம் மறந்துடறாருங்க" என்றாள். நினைவுச் சோதனை செய்தேன், மதிப்பெண் குறைவு, மருந்து எழுதினேன். ஒரு வருடம் கழித்து வேறொருவர் அவருக்குக் காது பரிசோதனை செய்து கருவி பொருத்திய பிறகு அதே சோதனையில் அவர் தேறினார். நான் வாசித்த ஐந்து சொற்களை அவர் மறக்கவில்லை. அவருக்குக் கேட்கவே இல்லை. ஒரு வருடம் அந்த வீட்டில் அவரைப் புத்தி கெட்டவராக நடத்தியிருக்கிறார்கள். அதற்கு நானும் பொறுப்பு. அன்றிலிருந்து காதைப் பார்க்காமல் நான் நினைவைச் சோதிப்பதில்லை.

இது வெறும் தொந்தரவோடு நிற்பதும் இல்லை. மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது அதன் கணக்கு. அந்த 14-ல் மிகப் பெரிய பங்கு உள்ளவற்றில் ஒன்று, நடுவயதில் வரும் கேட்புக் குறை. காதுக்கருவி போட்டால் மறதி நோய் வராது என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை உள்ள 977 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் மூன்று வருடத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் சர்க்கரை, அழுத்தம் போன்ற ஆபத்துகள் அதிகம் இருந்த பிரிவினரில் மட்டும் மூளைத் திறன் மங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. நீங்கள் எந்தப் பிரிவு என்று உங்களுக்கே புரியும்.

எனவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. காதில் வெறும் அழுக்கு அடைத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். கருவி தேவை என்றால் முதல் வாரத்திலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பாத்திரச் சத்தம், பேப்பர் புரட்டும் சத்தம் எல்லாம் முதலில் எரிச்சலூட்டும்; மறந்துபோன ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

அல்பிரசோலத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. பதற்றத்தைத் தணிக்கும்; கூடவே, புதிய விஷயங்கள் நினைவில் பதிவதையும் தடுக்கும். ஒன்றரை வருடம் அதைச் சாப்பிட்டுவிட்டு மறதி என்று பயப்படுவது, கை பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டி இழுக்கவில்லை என்பது போல. ஆனால் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவர் சொல்லும் அளவில், வாரக் கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். தூக்கம் ஏன் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நீங்கள் தூங்கும்போது குறட்டை நடுவில் நின்று மூச்சுத் திணறுகிறதா என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள். பகலில் படித்தது, பார்த்தது எல்லாம் நிலைப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். அதனால் தூக்கத்தைச் சரிசெய்வது நினைவுக்கே செய்யும் வைத்தியம்.

மெட்ஃபார்மினை வருடக் கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். அது குறைந்தாலும் மறதி வரும், கால் மரத்துப்போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகிவிடும். தைராய்டையும் அதோடு பாருங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் மயக்கம் தரும் மாத்திரைகள் இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அழுத்தம் 150 என்பது 61 வயதுக்குச் சரி அல்ல. வயதாக ஆக அழுத்தம் ஏறுவது இயல்பு என்று நம்பிய காலம் போய்விட்டது; மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கு அது ஒவ்வொரு நாளும் சேதம் செய்கிறது. வீட்டுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்களிடமே அளந்து, மாதக் கணக்கில் எழுதி வைக்கலாம்.

எம்.ஆர்.ஐ. முதல் வேலை இல்லை. காதும் ரத்தமும் பார்த்து, மாத்திரைகளைச் சரிசெய்து, அதன் பிறகு காகிதமும் பேனாவும் வைத்து அரை மணி நேர நினைவுச் சோதனை. அதில் சந்தேகம் வந்தால் ஸ்கேன். தெரிந்த வழியில் தொலைந்து போவது, அன்றாடக் கணக்கைப் போட முடியாமல் போவது, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் பல தடவை கேட்பது, சுபாவம் மாறுவது: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக நரம்பியல் மருத்துவரிடம் வாருங்கள். திடீரென்று வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே 108.

பத்து சதவீதம், விளையாட்டு, ஞாபக மாத்திரை

பத்து சதவீதம் என்பது பொய். மூளைக்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். ஒரு நாளில் அதன் எல்லாப் பகுதிகளும் வேலை செய்வதை ஸ்கேனில் பார்க்கிறோம், தூங்கும்போதும் கூட. மீதி 90 சும்மா கிடந்தால், பக்கவாதத்தில் ரத்தக்கட்டி அடைக்கும் இடம் பத்தில் ஒன்பது முறை அந்தச் சும்மா இடத்தில்தானே விழ வேண்டும்? அப்படி நடப்பதில்லை.

மகன் போட்டுக் கொடுத்த விளையாட்டை ஆடினால் அந்த விளையாட்டில் நன்றாக ஆடுவீர்கள். அதனால் அன்றாட நினைவு கூடும், மறதி நோய் வராது என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பிடித்தால் ஆடுங்கள், மாதச் சந்தா கட்ட வேண்டாம். மச்சான் தந்த மாத்திரையில் இருக்கும் ஜின்க்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை 75 வயது தாண்டிய 3,069 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது: மறதி நோய் குறையவில்லை. வல்லாரைக் கீரையைத் துவையலாக, பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதைவிடப் பெரிய வேலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பலன் உள்ளது என்று நான் நம்பிச் சொல்லக்கூடியது நடை. வயதானவர்கள் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்த ஒரு வருட ஆய்வில் ஹிப்போகேம்பஸின் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் கூடியது. 2011-ல் வெளியானது அது. உங்களுக்குக் குமரகிரிப் பக்கம் இருக்கிறது. தனியாகப் போகாமல் பேச்சுத் துணையோடு போங்கள்.

தறியை விட்டுவிடலாமா?

இதில்தான் என் கருத்து உங்கள் மகனோடு மாறுபடுகிறது. அவர் அன்பினால் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டுத் தறியின் சத்தத்தில் எந்தத் தறி பிசகுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னவர், நூல் விலையையும் கூலியையும் சேதாரத்தையும் மனக்கணக்கில் ஓட்டியவர் திடீரென்று டி.வி. முன் உட்கார்ந்தால் அந்த மூளைக்கு என்ன வேலை? நீங்கள் விலக வேண்டியது சத்தத்திலிருந்து, தொழிலிலிருந்து இல்லை. கூடத்துக்குள் நிற்பதை ஆட்களிடம் விடுங்கள். கொள்முதல், கணக்கு, வடிவம் உங்களிடம் இருக்கட்டும். நூல் நம்பரை இனி போனில் வாங்காமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நோட்டில் குறித்துக்கொள்வது பலவீனம் இல்லை. குறித்ததைப் பார்ப்பதற்கு முன் ஒரு தரம் யோசித்துச் சொல்லிப் பாருங்கள்.

மகன் கம்ப்யூட்டரில் ஜக்கார்டு வடிவம் (துணியிலேயே நெய்து வரும் அலங்காரம்) போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. டெனிஸ் பார்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, வயதானவர்களுக்கு மூன்று மாதம், வாரம் ஏறக்குறைய 15 மணி நேரம், ஒட்டுத் தையலும் டிஜிட்டல் புகைப்படக் கலையும் கற்றுக் கொடுத்தது. வெறுமனே கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களைவிடக் கற்றுக்கொண்டவர்களின் நினைவுத்திறன் மேம்பட்டது. பழகிய வேலை சுகமாக இருக்கும். மூளையை வளைக்கிற வேலை முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இன்னொரு சொத்தும் உங்களிடம் இருக்கிறது, நீங்கள் அதைச் சும்மா ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் மருத்துவரும் குழுவினரும் ஹைதராபாத்தில் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் ஏறக்குறைய நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. மொழிதான் காரணம் என்று இன்னும் அடித்துச் சொல்ல முடியாது, வேறு ஆய்வுகள் வேறு மாதிரியும் சொல்கின்றன. ஆனாலும், பேத்திக்குச் சௌராஷ்டிரம் தெரியாது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவளுக்குத் தினமும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள். ஒரு குழந்தைக்குக் கற்றுக் கொடுப்பதற்கு நிகரான நினைவுப் பயிற்சியை நான் பார்த்ததில்லை.

ஏற்காட்டு வீட்டைப் பற்றி: 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்று, புகை குறைவு, நடக்க நல்ல இடம், காதுக்கு ஓய்வு. இவை உண்மை. ஆனால் தனிமையும் அந்த 14 காரணங்களில் ஒன்று. அங்கே உங்களோடு சௌராஷ்டிரம் பேச யார் இருக்கிறார்கள்? மழைக்காலத்தில், பனி மூடிய இரவில் உடம்புக்கு ஏதாவது என்றால் வளைவுகளைத் தாண்டிச் சேலம்தான் வர வேண்டும். வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், சீசன் இல்லாத மாதமாகப் பார்த்து. மாதத்தில் நாலு நாள் மலையில், மற்ற நாள் அம்மாபேட்டையில் என்பது உங்களுக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன். பைக்கில் போனால் தலைக்கவசம். தலைக்காயமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அம்மாவுக்கு வந்ததும், சொத்தும்

பெற்றோருக்கு வந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். குடும்பத்தில் நேரடியாகத் தொடரும் மரபணு வகை மிக அரிது. அது பெரும்பாலும் 60 வயதுக்குள்ளேயே தாக்கிவிடும். 74-ல் தொடங்கியது அந்த வகை போல் தெரியவில்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நூற்றுக்கு மீதி 92-க்கும் மேற்பட்டவர்களை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தைப் படித்தேன். அந்த இரண்டு வருடத்தின் துக்கம் இன்னும் ஆறவில்லை. தூக்கம் கெட்டதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சொத்து விஷயம் வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பயத்தில் எழுதாதீர்கள். உயில் என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சொத்தை இப்போதே மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டால் திரும்பப் பெறுவது எளிதல்ல. எழுதத்தான் வேண்டும் என்றால், கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் அப்போதுதான் உங்களுக்குத் துணை நிற்கும்.

மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள், குறட்டை, டி.வி. சத்தம், மாத்திரை நேரம் எல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். ஆடியோகிராம் எடுக்கிற அன்றைக்கு உங்கள் பட்டறையில் நிற்கும் அந்த மூன்று பேரையும் கூட்டிப் போக முடியுமா? அவர்களில் ஒருவருக்கு 24 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். காதடைப்பான் ஒரு ஜோடி சில ரூபாய்தான். அவருக்கு இப்போதே வாங்கிக் கொடுங்கள்.